துணிக்கடையின் விதிமுறைகள்

வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில் ஆட்கள் பார்ப்பது முகப்பை; சட்டம் பார்ப்பது அடியில் கிடக்கும் பொடி எழுத்தை. படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று தட்டிவிட்டு நகரும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும். உத்தமபாளையத்தில் கடை போட்டு இத்தனை வருடத்தில், சமீபம் வரை நானும் அதைப் படித்ததில்லை. எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவதோடு சரி.

கேமரா

போடியில் காபிக்கொட்டை வியாபாரி ஒருவருக்குத் தனியுரிமைப் பக்கம் போட்டுக் கொடுத்தேன். ஏதோ ஒரு செல்போன் ஆப்பிலிருந்து எடுத்தது. மனிதர் அதைப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டார். வாடிக்கையாளரின் இருப்பிடம், கேமரா, போனில் உள்ள நம்பர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. எல்லா சைட்டிலும் இப்படித்தான் என்று சமாளித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “காபிக்கொட்டை விக்க அவுக கேமரா நமக்கு எதுக்கு தம்பி?”

முப்பது நாள்

அப்போதே திருந்தியிருக்கலாம். அடுத்து வந்தவர் ஜமீலா அக்கா. மேகமலைக் காயை வாங்கித் தரம் பிரித்து விற்கும் ஏலக்காய்க் கடைக்காரர். ‘பொருளைத் திருப்பி அனுப்பும் விதிமுறை’ என்று ஒரு பக்கம் இருந்தால்தான் ஆன்லைனில் பணம் வாங்க அனுமதி கிடைக்கும். டெல்லித் துணிக்கடை ஒன்றின் பக்கத்தை எடுத்து, கடைப் பெயரை மட்டும் மாற்றினேன். பிரித்த பொருளையும் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று இருந்தது. அக்கா வாசித்துக் காட்டச் சொன்னார். வழக்கமாகப் போடுவதுதான் என்றேன். “நீ படிச்சவன், சரியாத்தான் போட்டிருப்ப.”

வக்கீல் நோட்டீஸ்

சென்னையில் ஒரு மிட்டாய்க்கடை, இருபத்தெட்டாம் நாள் நான்கு பெட்டி ஏலக்காயைத் திருப்பி அனுப்பியது. பிரித்து வைத்து, ஈரம் ஏறி, பச்சை வெளுத்த காய். அந்தச் சீசனில் அக்கா வாங்கிய நல்ல காய் அவ்வளவும் அதுதான். அது போனால் கடையே இல்லை. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று அக்கா சொன்னதும் நோட்டீஸ் வந்தது, நான் போட்ட பக்கத்தின் படத்தோடு.

வழி தேடி இணையத்தில் உட்கார்ந்தேன். பத்து சைட்டில் பத்து விதமாகச் சட்டம் சொன்னார்கள். பாதி, என்னைப் போன்றவர்கள் ஒட்டியது என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் பக்கத்தின் கடைசி வரியை அன்றுதான் வாசித்தேன்: வழக்கு எதுவானாலும் டெல்லி நீதிமன்றத்தில் மட்டுமே. அக்காவிடம் சொல்ல நாக்கு கூசியது. சொன்னேன். “டெல்லிக்கு நான் எந்த பஸ்ஸுல போக?”

இலவச சட்ட உதவி

எங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருந்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் உதவுவார்கள் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவேன்.

வக்கீலம்மா ஒரு வரி விடாமல் படித்தார். டெல்லிக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் முப்பது நாள் என்று நாமே எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், இரண்டு பெட்டிக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்றார். பிறகு நிமிர்ந்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: “நாந்தான் எழுதச் சொன்னேன் மேடம். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது.”

இப்போதெல்லாம் பொடி எழுத்தை வரி விடாமல் படிக்கிறேன், ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான் என்று வக்கீலம்மாவிடம் சொல்ல மட்டும் உள்ளே நுழையாமல், டீக்குப் போகும்போது அந்த வாசலை இன்னும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.