புகை பார்க்காமல் ஓடுவது

எங்கள் கம்பெனிக்குள் ஓடக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது, எந்த அவசரத்துக்கும் ஓடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்மேன் இதைச் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பது வெடிமருந்து, காலடிகூடப் பார்த்துத்தான் விழவேண்டும். பட்டாசுச் சரம் பின்னுகிற அறையில் காலை மடக்கி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு ஒரு தடவை எழுந்திருப்போம், பிறகு சாயங்காலம் வேன் வரும்போதுதான். இப்படியே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குப் போலீஸ் வேலைக்குப் போகும் ஆசை வந்தால் முதலில் சிரிப்பது அவளுடைய முழங்கால்தான்.

செல்போன் என்பது கடை முதலாளிகள் கையில் மட்டும் இருந்த காலம் அது. எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டேன். அடுத்தது உடல் தேர்வு. அதில் என்னைப் பயமுறுத்தியது நானூறு மீட்டர் ஓட்டம், மைதானத்தை முழுசாக ஒரு சுற்று. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். இந்தச் சுற்றை விட்டால் ஆயுசுக்கும் சரம்தான்.

முதலில் மதினியிடம்தான் சொன்னேன். அண்ணன் மனைவி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், அதே அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பின்னுகிறவள்.

"ஓடணுமா? எதுக்கு? திருடன் பின்னாடியா?"

"இல்ல மதினி. மைதானத்த ஒரு சுத்து ஓடிக் காட்டணும்."

"காட்டுனா வேலை குடுத்துருவாகளா? அம்புட்டுத்தானா?"

கேலி இல்லை, அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். எனக்கும்தான். அதுவரை என் கால்களால் என்ன முடியும் என்று நான் யோசித்ததே கிடையாது.

வெம்பக்கோட்டை அணைக்கரைமேல் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் பாதி தூரத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கரையோரம் ஆடு பத்திக்கொண்டு வந்தவர் பதறிப்போய், "ஏத்தா, நாய் கீய் வெரட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதிலிருந்து தினமும் என்னைக் கண்டதும், "இன்னைக்கும் ஒண்ணும் வெரட்டலையா?" என்பார். ஓடுவதற்கு ஒரு காரணம் பின்னால் வரவேண்டும் என்பது அவர் கணக்கு. பல நாள் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

உடம்பு லேசாக இருந்தால் வேகமாக ஓடலாம் என்று நானாக முடிவு செய்து காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஒரு வாரத்தில் சரம் பின்னும்போதே கண் இருட்டியது. மதினி கண்டுபிடித்துவிட்டாள்.

"பட்டினி கெடந்து ஓடுறவள நான் எங்கயும் பாத்ததில்ல. மாட்டுக்கே தீனி போட்டுட்டுத்தான ஏர் பூட்டுறோம்?"

மறுநாளிலிருந்து வேனில் ஏறும்போது என் தூக்குச்சட்டியில் கம்பங்கஞ்சியும் அவித்த முட்டையும் இருக்கும். நான் தின்று முடிக்கிறவரை அவள் வேறு பேச்சுப் பேசமாட்டாள். ராத்திரி சீக்கிரம் படுக்கவேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். மிச்சப் பாத்திரத்தைத் தானே கழுவிக்கொள்வாள்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் மேல் ஆர்டர், ஞாயிற்றுக்கிழமைகூட அரை நாள் வேலை. பாயை விட்டு எழுந்திருக்க முடியாத காலைகள் அவை. போலீஸ் உடுப்பை நினைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. ஆசை படுக்கையிலேயே கிடந்து கனவு காணத்தான் சொல்கிறது, எழுப்பிவிடுவதில்லை. என்னை எழுப்பியது வேறு ஒன்று. நேற்று மதகுக்கிட்டேயே மூச்சு வாங்கியது, இன்றைக்கு எங்கே வாங்கும் என்று பார்க்கவேண்டும். பிறத்தியார் வீட்டுச் சங்கதியை எட்டிப் பார்க்கிற மாதிரி என் உடம்பையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு மதகைத் தாண்டிய அன்று ஆட்டுக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

சீசன் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். உடல் தேர்வுக்குப் போகும் பெண்களுக்கு அங்கே ஒரு பி.டி. மாஸ்டர் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்தார். வெளி மாவட்டத்துக்காரர். முதல் ஞாயிறு எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, இரண்டு பலகைகளைச் சேர்த்து 'பட்'டென்று அடித்தார். அதுதான் ஓட்டம் தொடங்குவதற்கான அடையாளம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் பறந்துவிட்டார்கள். விஸ்வநத்தத்திலிருந்து வந்த ஒருத்தியும் நானும் நின்ற இடத்திலேயே நின்று வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

"அங்கே என்ன, ஏரோப்பிளேனா போகுது?" மாஸ்டர் கத்தினார்.

"புகை எந்தப் பக்கம்னு பாத்தோம் சார்," என்றாள் விஸ்வநத்தத்துக்காரி.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களோடு டவுனில் வெடிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பெண்ணும் பயிற்சிக்கு வந்திருந்தாள், அவளும் பிந்தித்தான் ஓடினாள். "எங்க வீட்ல சத்தம் கேட்டா அத்தா மொதல்ல போனைத்தான் எடுப்பாக. எனக்கும் கை எதையோ தேடுச்சு," என்று சிரித்தாள்.

கம்பெனியில் சாம்பிள் வெடி போடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் தலை நிமிர்வதுகூட இல்லை. எதிர்பாராத சத்தம்தான் எங்களை நிறுத்தும். அதைக் கேட்டதும் கழுத்து தானாகத் திரும்பிவிடும். புகை வெள்ளையாக மெலிந்து கலைந்தால் மூச்சு விடலாம். கறுத்துத் திரண்டால் எந்தப் பக்கம், எந்தக் கம்பெனி, நம் வீட்டாள் யார் அங்கே என்று மனசு ஓடும், கால் நின்றுவிடும். என் அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அதனால் எனக்கு அந்தத் திசைதான் முதல் திசை.

இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் வேனில் ஒவ்வொருத்தரையாகக் கேட்டேன். சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? ஒருத்தி பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாளாம். டிரைவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலையாம். மற்றவர்கள் எல்லாரும் புகைதான். மதினியும் புகைதான்.

"பாத்தா மட்டும் என்ன செய்யப் போறீக?" என்றேன்.

"ஒண்ணுஞ் செய்ய முடியாதுதான். அதுக்காகப் பாக்காம இருக்க முடியுமாத்தா?"

தேர்வில் விசில்தான் ஊதுவார்கள், பயப்படாதே என்றார் மாஸ்டர். ஆனாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. என் கழுத்து என் பேச்சைக் கேட்காது என்பது இப்போது தெரிந்துவிட்டதே! மதினியைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். அவள் எனக்குப் பின்னால் நின்று தகர டப்பாவைக் கல்லில் ஓங்கி அடிக்கவேண்டும், நான் திரும்பாமல் ஓடவேண்டும். ஆரம்பத்தில் அடிக்கு ஒரு தடவை திரும்பினேன். போகப்போகக் கழுத்து விறைத்ததோடு சரி. கடைசியில் அதுவும் நின்றது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் டப்பாவை அடித்துவிட்டு மதினி வானத்தைப் பார்ப்பாள். அடித்ததே அவள்தான்! "ஏன் மதினி?" என்றால், "தெரியலத்தா, அதுவா திரும்புது," என்பாள். ஆட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து வாய்விட்டே சிரித்தார்.

விருதுநகரில் உடல் தேர்வு. அன்றைக்கு லீவு கிடைக்காது என்று மதினி முந்தின நாளே சொல்லிவிட்டாள். நான் தனியாகப் பஸ் ஏறினேன். விசில் ஊதினார்கள், ஓடினேன். கம்பங்கஞ்சி வேலை செய்தது. பாதிச் சுற்றுவரை மூச்சு என் கைக்குள் இருந்தது. கடைசி வளைவில் திரும்பும்போது எங்கோ மதிலுக்கு அந்தப் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம்.

எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த விஸ்வநத்தத்துக்காரி தலையைத் திருப்பினாள். அடி பிசகியது. நான் அவளைத் தாண்டினேன். ஏழாயிரம்பண்ணை இங்கிருந்து எவ்வளவு தூரம், அங்கே வெடித்தால் இங்கே கேட்குமா? புத்திக்குத் தெரிகிறது, கழுத்துக்குப் பூகோளம் தெரியாது. அண்ணன் முகம் வந்தது. மதினி காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் அறை வந்தது. பார்க்காமல் ஓடுவது அவர்களைக் கைவிடுகிற மாதிரியே இருந்தது. ஆனாலும் முடிவுக் கோட்டைப் பார்த்தே ஓடினேன்.

கடிகாரம் வைத்திருந்தவர், "பாஸ்," என்றார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். மதிலுக்கு மேலே கொஞ்சம் வெள்ளைப் புகை, அதுவும் கலைந்துகொண்டிருந்தது. விஸ்வநத்தத்துக்காரியும் நேரத்துக்குள் வந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கம்பி வேலிக்கு வெளியே, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், வேலைக்குக் கட்டும் அதே பருத்திச் சேலையோடு மதினி நின்றிருந்தாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி!"

திரும்பினாள். "புகை வெள்ளைதான் ஆத்தா. யாரோ செத்துருக்காக, கேதத்து வேட்டு போல. ஒண்ணுமில்ல," என்றாள். பிறகு என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓடி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். பாஸ்."

அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "போர்மேன்கிட்ட வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு, நீ ஓடுறதப் பாக்கத்தான வந்தேன். கடைசில பாக்காமப் போயிட்டேனே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மற்றத் தேர்வுகளும் முடிந்து வெளியே வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மதினி வாசலிலேயே காத்திருந்தாள். "இங்கனயே நில்லுங்க மதினி," என்றேன். மதில் ஓரமாக இருந்த வேப்பமரத்திலிருந்து டீக்கடைவரை, அவளுக்காக மட்டும், இன்னொரு தடவை ஓடினேன். கால் கெஞ்சியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து பார்த்தார்கள். பாதித் தூரத்தில், அதே கேதத்துக்காரர்கள் சுடுகாட்டுப் பக்கம் இன்னொரு வேட்டுப் போட்டார்கள். தெரிந்த சத்தம்தானே என்று நீங்கள் சொல்லலாம். டப்பாவைத் தானே அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவள் அவள்.

ஓடி முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.