கிள்ளானில் நான் ட்ரையல் டீச்சர்

வாத்தியார் வேலையில் ஒரு தைரியம் உண்டு: எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே பிள்ளைகள் இருப்பார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு இயற்பியல் வராது, ஆகவே நமக்குச் சோறு உண்டு. இந்தத் தைரியத்தை நம்பி, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கிக்கொண்டு விமானம் ஏறிய என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினான்கு வருடம் இயற்பியல் எடுத்தவள் நான். கணவருக்குக் கோலாலம்பூரில் கணினி வேலை கிடைத்தது, ஜனவரியில் கூடவே வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வீடு. என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை: கணவரைச் சார்ந்திருப்பவர், வேலை செய்ய அனுமதி இல்லை. ஏதாவது ஒரு நிறுவனம் எனக்காக விண்ணப்பித்தால்தான் அது மாறும். ஊரில் பஸ் கண்டக்டர்கூட என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இங்கே நான் 'சார்ந்திருப்பவர்'. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பழைய பள்ளியின் தலைமையாசிரியை, ஜூன் வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இங்கே வேலை அமையாவிட்டால் நான் ஊருக்குத் திரும்புவது, கணவர் இங்கே தனியாக இருப்பது என்று வீட்டில் முடிவு. அந்த முடிவு எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. ஆனால் யார் முதலில் சொல்வது?

காதுக்கு ஓகே இல்லை

முதலில் போனது வேலை வாங்கித் தரும் ஏஜென்ட்டிடம். பெட்டாலிங் ஜெயாவில் ஏசி அறை, மேசை மேல் பிளாஸ்டிக் பூ. உள்ளூர்த் தமிழர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுபவர், நல்ல மனிதர். எம்.எஸ்சி., எம்.பில்., பி.எட். என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஆரத்தித் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பிறகு என்னை ஆங்கிலத்தில் பாடம் நடத்தச் சொன்னார். தண்ணீருக்குள் வைத்த பென்சில் ஏன் வளைந்து தெரிகிறது என்று பேசினேன். ஒரு தப்பு இல்லாமல் பேசினேன், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். லயித்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்ததும் கெட்ட செய்தி சொல்லவேண்டிய டாக்டர் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்கிலீஷ் எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். எனக்கு ஓகே லா. ஆனா ஃபீஸ் கட்டுற பேரன்ட்ஸ் காதுக்கு ஓகே இல்ல.”

தெரியாது என்பதிலும் ஓர் அழகு

இருந்தாலும் அந்த ஏஜென்ட் புண்ணியத்தில் ஒரு சர்வதேசப் பள்ளியில் நேர்காணல் கிடைத்தது. வகுப்பறையில் பெஞ்சு இல்லை, பெரிய பெரிய மூட்டைகள் கிடந்தன. பிள்ளைகள் அதில்தான் சாய்ந்து படிப்பார்களாம். கரும்பலகை எங்கே என்று கேட்டேன். நேர்காணல் செய்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று விளக்கினார்கள். பக்கத்தில் இருப்பதற்கு எம்.பில். எதற்கு என்று வாய்வரை வந்தது. பி.எட். படித்த பொறுமையில் அடக்கிக்கொண்டேன்.

எனக்கு அடுத்து உள்ளே போனவர் ஒரு வெள்ளைக்கார இளைஞர். பத்துமலை படிகளில் குரங்கிடம் தொப்பியைப் பறிகொடுத்த கதையை வரவேற்பறையிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஹோட்டல் நிர்வாகம் படித்தவர், இயற்பியலை இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். வேலை அவருக்குத்தான் கிடைத்தது. மறுவாரம் சான்றிதழ் நகல்களைத் திரும்ப வாங்கப் போனேன். வரவேற்பில் ஸ்டெல்லா அக்கா. ரயில்வே குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண்மணி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

“அவருக்கு பிஸிக்ஸ் தெரியாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா தெரியாதுன்னு சொல்றதையே எவ்ளோ அழகா சொல்றாரு, கேட்டீங்களா?”

வராத கேள்வி

வேலைதான் செய்யக்கூடாது, அக்கம்பக்கத்துக்கு உதவலாமே என்று எதிர்வீட்டு கமலா ஆன்டியின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாம் படிவம், அதாவது நம் பதினோராம் வகுப்பு; எஸ்.பி.எம். என்ற இங்கத்திய பள்ளியிறுதித் தேர்வு எழுதப் போகிறவன். பதிலுக்கு ஆன்டி மீன் கறி கொடுத்தனுப்புவார். கறி அபாரம். அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அலைகள் பாடத்தை ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆன்டி வந்து உட்கார்ந்தார். செலாயாங்கில் ஒரு டியூஷன் மாஸ்டர் இருக்கிறாராம். பரீட்சைக்கு முன்னால் மண்டபம் எடுத்து, என்ன கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். அவர் சொன்னது அப்படியே வருமாம், கூட்டம் நிற்க இடம் இருக்காதாம். நீங்களும் அந்த மாதிரி ஏதாவது பார்த்துச் சொல்லக்கூடாதா என்றார். எனக்கு இயற்பியல்தான் தெரியும், ஜோசியம் தெரியாது என்றேன். இந்தியாவிலிருந்து வந்தவளுக்கு ஜோசியமும் தெரியாதா என்ற ஏமாற்றம் ஆன்டி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மறுநாளிலிருந்து மீன் கறி வரவில்லை.

“வரப்போற கேள்விய மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சர். வராத கேள்விய எல்லாம் சொல்லி ஏன் பிள்ளை மண்டைய கொழப்புறீங்க?”

டம்ளர் அலமாரி

அப்புறம் கிள்ளான், கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஊர். துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் சென்டர். முதலாளி குணா, எல்லோருக்கும் அவர் குணா பாஸ். முன்பு இன்சூரன்ஸ் விற்றவர், அந்தக் கனிவு இன்னும் போகவில்லை. ஒரு ட்ரையல் கிளாஸ் எடுங்கள், பிடித்திருந்தால் பெர்மிட் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அப்போதே பாதி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை கொமுட்டர் ரயிலில், கைப்பையில் ஒரு டம்ளரோடு போனேன்.

டம்ளர் எதற்கென்று நம் தொழில்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மாதிரி வகுப்பு என்றால் நாம் எடுப்பது ஒரே பாடம், நிலைமம், அதாவது இனர்ஷியா. டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் காசு. அட்டையைச் சுண்டினால் அது பறக்கும், காசு டம்ளருக்குள் விழும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர் மயங்குவார். பி.எட்.டில் எல்லோரும் இதைத்தான் செய்தோம், எல்லோரும் பாஸானோம். அட்டையை வைத்தேன், காசை வைத்தேன். “இப்போது என்ன ஆகும்?” என்று குரலை ஏற்றிக் கேட்டேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் வரிசையில் ஜெசிந்தா என்ற பெண் மட்டும், பெரியவர்களைப் புண்படுத்தக்கூடாது என்ற கவலையோடு கையைத் தூக்கினாள்.

“காசு உள்ள விழும் டீச்சர்” என்றாள். போன வாரம் வந்த சாரும் காட்டினாராம், அதற்கு முந்தின வாரம் வந்த டீச்சரும் காட்டினாராம். அறைக்கோடியைக் கை காட்டினாள். அங்கே அலமாரியில் எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று வரிசையாக டம்ளர்கள். தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் வேலை கிடைக்கும் என்று விட்டுவிட்டுப் போனவை. குணா பாஸுக்கு வாராவாரம் ஒரு புது ஆசிரியர், வாராவாரம் இலவச வகுப்பு. பிள்ளைகளுக்கு வாராவாரம் நிலைமம். வயிறு எரிந்தது. எனக்காகப் பாதி, அந்தப் பிள்ளைகளுக்காகப் பாதி.

“இனர்ஷியா மட்டும் கேட்டா நாங்க எல்லாரும் ஏ பிளஸ்தான் டீச்சர். மத்தது எதுவும் தெரியாது லா.”

இரண்டாவது ட்ரையல்

மறுவாரம் குணா பாஸிடமிருந்து அழைப்பு வரவில்லை. வராது என்று தெரியும். நானே போய் நின்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது, சண்டை போட வந்திருக்கிறேன் என்று பயந்திருக்கவேண்டும். போன வாரம் என் ட்ரையல் எனக்கே திருப்தியாக இல்லை, இன்னொரு முறை எடுக்கிறேன் என்றேன். அப்படி ஒரு கோரிக்கையை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. அன்றைக்கு வரவேண்டிய புது ஆளும் வந்திருக்கவில்லை. இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமுமில்லை. உள்ளே போங்கள் என்றார்.

மின்சாரத்தை ஆரம்பித்தேன். பேட்டரி, வயர், குட்டி பல்புகள். அடுத்த சனிக்கிழமை மூன்றாவது ட்ரையல், அதற்கடுத்தது நான்காவது. பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். யோசித்துக் கேட்கும் கேள்வி, தப்பாகக் கேட்கும் கேள்வி, என்னை மாட்டிவிடவென்றே கேட்கும் கேள்வி. ரயிலில் திரும்பும்போது கையில் சுண்ணக்கட்டித் தூள் இல்லாவிட்டாலும் மறுபடி டீச்சரான சந்தோஷத்தோடு வந்தேன். எனக்கு மூச்சு வந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஏப்ரல் முடியப்போகிறது, பெர்மிட் பற்றிப் பேச்சே இல்லை, நீ பாட்டுக்கு டிக்கெட் எடுத்துப் போய் வந்துகொண்டிருக்கிறாய் என்றார் கணவர். இதுவும் வேலைதானே என்றேன்.

“இதுக்குப் பேரு வேலை இல்ல, வேண்டுதல். காவடி ஒண்ணுதான் பாக்கி.”

ஏப்ரலில் எரிந்த நட்சத்திரம்

ஜெசிந்தாவின் அப்பா மரியதாஸ் லோரி ஓட்டுபவர். அந்த ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் படியேறி வந்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு டிசம்பரிலேயே கெட்டுப்போய், தூக்கிப் போட எடுத்து வைத்திருந்தாராம். சரம் முழுவதும் செத்ததற்கு ஒரே ஒரு பல்புதான் காரணம் என்று மகள் ஒவ்வொன்றாகச் சோதித்து, அதை மாற்றி எரிய விட்டுவிட்டாளாம். ஏப்ரல் மாதத்தில் வாசலில் நட்சத்திரம் எரிகிறது, பக்கத்து வீட்டு சீனக் கிழவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றார். கோபமா பெருமையா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகளிடம் விசாரித்து அவருக்கு டம்ளர் கதை முழுவதும் தெரிந்திருந்தது. மற்ற பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார். எதிர்வரிசையில் இன்னொரு சென்டர் இருப்பதையும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். குணா பாஸ் கனிவாகச் சிரித்தார். பலதரப்பட்ட ஆசிரியர்கள், பலதரப்பட்ட அனுபவம் என்று ஆரம்பித்தார். மரியதாஸ் அவரை முடிக்க விடவில்லை.

“பாஸ், என் லோரிக்கு தெனம் ஒரு டிரைவர் மாத்துனா லோரி எங்க போய் நிக்கும்? இந்த டீச்சர வெச்சுக்குங்க, இல்லாட்டி நாங்க எதிர்த்தாப்புல போறோம்.”

அதிகாரி கேட்ட கேள்வி

குணா பாஸ் விண்ணப்பித்தார். வேறு வழியில்லாமல்தான், ஆனால் விண்ணப்பித்தார். மே மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து தலைமையாசிரியை இரண்டு முறை கேட்டுவிட்டார். கணவர் விமான டிக்கெட் விலையை எனக்குத் தெரியாமல் பார்ப்பதும், நான் பார்த்ததும் மூடுவதுமாக இருந்தார். அந்த நேரத்தில் விண்ணப்பம் சம்பந்தமாகக் குடிநுழைவு அலுவலகத்திலிருந்து என்னையும் குணா பாஸையும் நேரில் கூப்பிட்டார்கள்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. என் சான்றிதழ்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு குணா பாஸிடம் மலாயில் ஏதோ கேட்டார். என்ன கேள்வி என்று எனக்கு மொழி தெரியாமலே தெரிந்தது: உள்ளூரில் ஆசிரியர்களே இல்லையா, இவர் எதற்கு? நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டிருந்தால் எம்.பில். ஆய்விலிருந்து ஆரம்பித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். குணா பாஸ் அன்றைக்குக் கனிவாகச் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு இரண்டே வரியில் பதில் சொன்னார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அனுமதி வந்துவிட்டது. கணவர் போய் இரண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்து வந்தார், சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு. இருவரும் அதைக் குடித்து முடித்தோம்.

அன்று அந்த அலுவலகத்து லிப்டில் இறங்கும்போதே, அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று குணா பாஸிடம் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். கீழ்த்தளம் வந்து கதவு திறந்த பிறகுதான் சொன்னார்.

“நெறைய டீச்சருங்க வந்தாங்க மேடம், எல்லாரும் வேலைக்கு வந்தாங்க, ஒரு தடவ வந்தாங்க. இவங்க ஒருத்தங்கதான் பிள்ளைங்களுக்காகத் திரும்ப வந்தாங்கன்னு சொன்னேன் லா.”

மூன்று பட்டமும் பதினான்கு வருட அனுபவமும் வாங்கித் தராத வேலையை, கூப்பிடாத வகுப்புக்குப் போய் நின்ற வெட்கங்கெட்டதனம் வாங்கித் தந்தது. அதை ஒரு பாடமாக பி.எட்.டிலேயே வைத்திருந்தால் எம்.பில். செலவாவது மிஞ்சியிருக்கும்.