தெரியாது என்பதற்கு ஒரு வாக்கியம்

சித்ராதேவி பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வேலைக்கு வந்தபோது செக்கிங் டேபிளில்தான் நின்றாள். ஊத்துக்குளியிலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் வந்து, நாள் முழுக்க பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று தாளில் எழுதிக் கொடுப்பாள். எழுத்து முத்து முத்தாக இருந்ததால் முதலாளி கதிர்வேல் அவளை ஆபீசுக்குள் கூட்டி வந்து கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். தறி ஓட்டிய அப்பாவின் மகள், தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்தவள், வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுத வேண்டும்!

யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நல்ல வாக்கியங்களை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டாள். சாம்பிள் அனுப்பியதற்கு ஒன்று, துணி தாமதமானதற்கு ஒன்று, மன்னிப்புக் கேட்கவே ஏழெட்டு. அந்த நோட்டில் எல்லாவற்றுக்கும் வாக்கியம் இருந்தது, தெரியாது என்பதற்கு மட்டும் இல்லை. ஏனென்றால் பழைய மெயில்களில் யாருமே தெரியாது என்று எழுதியிருக்கவில்லை.

அதனால் முதன்முதலாக அதை எழுத வேண்டி வந்தபோது அவளே ஒன்று செய்தாள். பட்டன் கலர் ஏன் மாறியது என்று துணி வாங்கும் பையர் ஒருவர் கேட்டிருந்தார். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "ஐ டின்ட் நியூ" என்று எழுதி அனுப்பிவிட்டாள். பக்கத்து சீட்டில் இருந்த குகன் அதை உரக்கப் படித்தான்.

"டின்ட் வந்தா அப்பறம் நோதானுங்க வரும், நியூ வராதுங்க" என்றான். சொன்னது சரிதான். ஆனால் சொல்லிவிட்டுச் சிரித்தான், ஆபீசே சிரித்தது. ஆறு மாதம் அவளுக்கு டின்ட் நியூ என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகு, தெரியும் என்று பொருள் தரும் அந்த 'நோ' என்ற வினைச்சொல் பக்கமே அவள் போகவில்லை. தெரியாத இடத்தில் எல்லாம் 'வில் செக் அண்ட் ரிவர்ட்' என்று போட்டாள். பார்த்துச் சொல்கிறோம் என்றால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? பிற்பாடு 'நாட் அவேர்' என்பது கிடைத்தது. தெரியாது என்பதற்கே இஸ்திரி போட்ட சட்டை மாட்டியது போல அது அவளுக்குப் பட்டது. இருபது வருடம் அதை வைத்தே ஓட்டினாள். ஆர்டர்களைக் கவனிக்கும் சீனியர் மெர்ச்சண்டைசர் ஆனாள். அவள் மெயிலைக் கண்டு சிரிக்க இப்போது யாரும் இல்லை.

போன ஆவணியில் டென்மார்க்கிலிருந்து ஹெல்லே ஒரு மெயில் அனுப்பினாள். குழந்தைத் துணி வாங்கும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். அவளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி அல்ல, அதனால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவாள். வேறு யாரோ அனுப்பிய குழந்தைச் சட்டை ஒன்றில் உடைந்த ஊசி முனை இருந்ததாம். எல்லாக் கம்பெனியையும் கேட்கிறாளாம். உங்கள் கடைசி லோடில் ஒவ்வொரு பீஸும், துணியில் சிக்கிய ஊசியைக் கண்டுபிடிக்கும் நீடில் டிடெக்டருக்குள் போய் வந்ததா?

கதிர்வேல் மூலனூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சித்ராதேவி போன் செய்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்: "நம்ம மிஷின்ல போகாம ஒரு பீஸாச்சும் வெளிய போகுமுங்களா? ஒண்ணும் பிரச்சனை இல்லைன்னு எழுதிப்போடுங்க சித்ரா."

கண்ணால் பார்க்காமல் பிரச்சனை இல்லை என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. எனவே, டிடெக்டரில் போகாத பீஸ் எதைப் பற்றியும் 'வீ ஆர் நாட் அவேர்' என்று எழுதினாள். பொய்யும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது பதில் இருந்தது. 'தேங்க் யூ. குட் டு நோ. குடோனில் இருக்கும் சரக்கைத் திங்கட்கிழமை கடைகளுக்கு அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.'

சித்ராதேவி அந்த இரண்டாவது வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட் டு நோ. தெரிந்தது நல்லதாயிற்று என்கிறாளே, நான் தெரியாது என்றல்லவா எழுதினேன்? தன் மெயிலைத் திறந்து, அதை எழுதியவளாக இல்லாமல் பெற்றுக்கொண்டவளாகப் படித்துப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. அப்படி ஒரு பீஸ் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை என்றால், தேடிப் பார்த்தோம், இல்லை என்றுதான் படிப்பவருக்குக் கேட்கும். தேடவே இல்லை என்பது அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை.

எழுந்து பேக்கிங் செக்ஷனுக்குப் போனாள். டிடெக்டரில் நின்ற பூவாத்தாள் பெல்ட்டை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏனுங்க அக்கா, டென்மார்க் பெட்டி போட்டமே, அன்னிக்கு மிஷின் நல்லா ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சுங்க அம்மணி. பதினோரு மணிக்கு கரண்டு போயி வந்துச்சு. அப்பறம் லைட்டு எரிஞ்சுது, பெல்ட்டும் ஓடுச்சு. மத்தியானம் இரும்புத் துணுக்கு வெச்ச டெஸ்ட் அட்டைய வுட்டுப் பாத்தா மிஷின் கத்தவே இல்லீங்க. மெக்கானிக் வந்து சரி பண்ணுனாரு."

"நடுவால போன பீஸெல்லாம்?"

"பெட்டிக்குப் போயிருச்சுங்க."

"அதுல ஊசி இருந்துருந்தா மிஷின் புடிச்சுருக்குமுங்களா?"

பூவாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்குத் தெரியாதுங்க அம்மணி" என்றாள். வெட்கப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். ரிஜிஸ்டரில், அட்டை வைத்துச் சோதித்ததற்கு மணிக்கு ஒரு டிக் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பதினொன்றுக்குப் பிறகு வந்த மூன்று டிக்கும் ஒரே மூச்சில் போட்டது போலச் சாய்ந்திருந்தன. அந்த நேரத்தில் கட்டிய பெட்டிகள் நாற்பத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை.

சீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். 'ஐ ஹேவ் நோ ஐடியா' என்று அடித்தாள். எனக்கென்ன வந்தது என்று கையை விரிப்பது போலிருந்தது, அழித்தாள். 'ஐ ஆம் நாட் ஷ்யூர்' என்றால் பாதி தெரிந்தவள் பேச்சு. அவளுக்குப் பாதியும் தெரியாதே! கடைசியில் இருபது வருடமாகத் தொடாத சொல்லைத் தொட்டாள். 'ஐ டிட் நாட் நோ.' டிட் வந்தால் நோ. விரல் தயங்கி நின்று பிறகு போயிற்று. முந்தைய மெயில் எழுதியபோது எனக்குத் தெரியாது, நான் விசாரித்திருக்கவில்லை. இப்போது விசாரித்தேன். இந்த இருபத்தெட்டுப் பெட்டிகளை மிஷின் சோதித்ததா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தயவுசெய்து இவற்றைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். இவ்வளவுதான் மெயில். கதிர்வேலுக்கும் காப்பி போட்டு அனுப்பினாள்.

அவர் கல்யாண வீட்டிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். மண்டப வாசலில் பூசிய சந்தனம் இன்னும் கையில் இருந்தது.

"என்னையக் கேக்காம அனுப்பிப்போட்டீங்களே! தெரியாதுன்னு எழுதறதுக்கா ஒரு கம்பெனி நடத்தறோம்?"

"கேட்டா வேண்டாம்னுருப்பீங்க சார்" என்றாள். "குழந்தைத் துணிங்க சார். நான் எழுதுனத அந்தம்மா நம்பிப்போட்டாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மெயிலை இன்னொரு முறை படித்தார். எழுந்து பேக்கிங் செக்ஷனுக்குப் போனார்.

டென்மார்க்கில் இருபத்தெட்டுப் பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பீஸாகச் சோதித்தார்கள். செலவு இவர்களுடையது. பத்து நாள் கழித்து ஹெல்லே எழுதினாள்: எதுவும் கிடைக்கவில்லை. சித்ராதேவி பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கதிர்வேல் மட்டும், "பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார். ஒரு மாதம் அவர் அவளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சீசனுக்கு ஹெல்லே கம்பெனியின் ஆர்டர் வந்தது. முன்னைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தை பிறந்த பிறகு வேறொரு பையர் நூல் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். மில்லில் யாரும் தேதி சொல்லவில்லை. தேதி இன்னும் எங்களுக்குத் தெரியாது என்றே அவள் எழுதிவைத்திருந்தாள். கதிர்வேல் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். அழிக்கச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"திங்கக்கெழமைக்குள்ள தெரிஞ்சுருமுங்களா?"

"மில்லுக்கு நேர்ல போயிக் கேட்டாத் தெரிஞ்சுருமுங்க சார்."

"அப்ப அதையும் ஒரு வரி சேத்திப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, மில்லுக்குப் போக வண்டிச் சாவியைத் தேடினார்.