சோதனை அன்று வீட்டில் இருந்தவர்கள்

1. கடைசி பெஞ்ச்

ஆசிரியப் பயிற்றுநராக எனக்குக் கொடுத்த முதல் பள்ளி எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவை ஹாரன் அடித்தால் பாடம் நின்றுவிடும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை சில பள்ளிகளில் குழந்தைகளின் வாசிப்பை மேம்படுத்துவது என் வேலை.

முதல் நாள் மூன்றாம் வகுப்புக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் புத்தகம்கூட இல்லை.

"இவங்க யாரு?" என்று வகுப்பாசிரியை வசந்தியைக் கேட்டேன்.

"அதுங்க ஹிந்திக்காரப் பசங்க மேடம். ஒண்ணும் புரியாது. தொந்தரவு பண்ணாம உக்காந்திருந்தா போதும்னு விட்டுட்டேன்."

வசந்தி கெட்டவர் இல்லை. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தொண்டை கட்டிப்போய் நின்றவர். ஆனால் அந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஹிந்தியே தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். அப்பாக்கள் கன்டெய்னர் யார்டில் வெல்டிங் வேலை. மற்றவர்களில் தெலுங்கு பேசும் மீனவர் பிள்ளைகள் சிலர், பீகார்ப் பிள்ளைகள் சிலர்.

நான் போர்டில் ஒரு மீன் வரைந்தேன். இது என்ன என்று எல்லோரையும் கேட்டேன். "மீனு" என்று முன்வரிசை கத்தியது. பின்னாலிருந்து யாரும் வாய் திறக்கவில்லை. நானே அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து படத்தைக் காட்டி மறுபடி கேட்டேன். மெலிந்த ஒரு பெண், "மாச்சோ" என்றாள். பக்கத்தில் ஒருவன் "சேப்ப" என்றான். இன்னொருவன் "மச்சரி" என்றான். முன்வரிசைக் குப்பத்துப் பையன் திரும்பிப் பார்த்து, "டீச்சர், அது வெறும் மீனு இல்ல, சங்கரா. வாலப் பாத்தா தெரில?" என்றான். வகுப்பே சிரித்தது. பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது. அந்த மெலிந்த பெண்ணின் பெயர் மமதா.

2. சபிதா வந்தார்

புரியாத மொழியில் எழுத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் குழந்தை படம் வரைவது போல வரையும்; வாசிக்காது. முதலில் அது தன் மொழியில் பேச வேண்டும், பேசியதற்குத் தமிழில் பெயர் தெரிய வேண்டும், பிறகுதான் எழுத்து. எங்கள் பயிற்சிகளில் இதை அழகாக பிபிடி போட்டுக் காட்டுவார்கள். செய்வதற்குத்தான் ஆள் இருக்காது.

மமதாவின் அம்மா சபிதா ஒடியாவில் பள்ளிப்படிப்பு முடித்தவர். தினமும் காலையில் வகுப்பில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன். ஹெச்.எம். வாய்மொழியாகச் சரி என்றார். சபிதா ஒடியாவில் ஒரு கதை சொல்வார். அதையே வசந்தி தமிழில் சொல்வார். குழந்தைகள் அதிலிருந்து சொற்களைப் பிடித்து அட்டையில் எழுதுவார்கள். தெலுங்குப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் தங்கள் சொல்லையும் சேர்ப்பார்கள். மற்ற பள்ளிகளைப் பார்த்துவிட்டு நான் வரும்போதெல்லாம் சுவரில் அட்டைகள் கூடியிருக்கும்.

முதலில் முணுமுணுத்த வசந்திதான் பிறகு எனக்கு போன் செய்து சொன்னார்: "மேடம், மமதா இன்னைக்கு ஒரு பத்தி முழுசா படிச்சிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

3. லீவு

ஆண்டு முடியும் நேரத்தில் வெளியாட்கள் வந்து வாசிப்புச் சோதனை நடத்துவார்கள். அதற்கு முன்தினம் ஹெச்.எம். என்னை அறைக்கு அழைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வடக்கத்திப் பசங்களுக்கு நாளைக்கு லீவு சொல்லிட்டேன். மேல இருந்தே சொல்றாங்க. சராசரி இறங்கிடுமாம்."

"அவங்க படிக்கிறாங்க சார். நீங்களே கேட்டீங்களே."

"நான் கேட்டேன். வர்றவன் கேப்பானா? ஸ்கூல் பேரு முக்கியம் இல்லையா?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே யார்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைகளுக்குப் போனேன். லீவு என்று சொன்னதை நம்பி மமதா கோபமாக உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் பரீச்ச எய்துவாங்கோ. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு லீவு?"

சபிதா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நம்ம புள்ள படிச்சா. அப்புறம் ஏன் வராதே சொல்றாங்க, மேடம்?"

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நான் கேட்ல நிப்பேன்" என்றேன். மற்ற வீடுகளிலும் சொன்னேன். மறுநாள் அந்தக் குழந்தைகளை நானே உள்ளே அழைத்துப் போனேன். ஹெச்.எம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. இது என்ன தமிழ்?

சோதிக்க வந்தவர் இளைஞர், மரியாதையானவர். மமதாவுக்குக் கொடுத்த பத்தியில் வள்ளி என்ற பெண் தொலைந்த ஆட்டைத் தேடுகிறாள். மமதா தடங்கலில்லாமல் வாசித்தாள். வசந்தி கதவோரம் கைகளைப் பிசைந்தபடி நின்றார்.

"வள்ளி ஏன் அழுதாள்?" என்று கேட்டார் அவர்.

மமதா பளிச்சென்று சொன்னாள்: "ஆடு காணாப் பூடுச்சி. அத்தத் தேடிகினு போச்சு. கெடைக்கல. அதுக்கோசரம் அயுதுச்சி."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வாசிப்பு ஓகே. பதில் இப்படி இருக்கே மேடம். இது என்ன தமிழ்?"

"இந்தத் தெருவோட தமிழ் சார். விளையாடற இடத்துல கத்துக்கிட்டா. பதில்ல என்ன தப்பு?"

"முழு வாக்கியமா, நல்ல தமிழ்ல சொல்லணும்னு எங்களுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன்."

"நானும் ராயபுரத்துல இதே பேச்சுலதான் வளர்ந்தேன் சார்."

"நீங்க நல்லா பேசறீங்களே?"

"பயத்துல கத்துக்கிட்டது."

அவர் சங்கடப்பட்டார். ஆனாலும் வாசிக்கிறாள், பொருள் புரியவில்லை என்றே பதிந்தார். சங்கரா மீனை அடையாளம் சொன்ன குப்பத்துப் பையனுக்கும் அதையேதான் பதிந்தார். அவன் அப்பா, தாத்தா எல்லோரும் இந்தக் கரையில் பிறந்தவர்கள். தன் ஊர்ப் பள்ளியில், தன் பேச்சில் சொன்ன சரியான பதிலுக்கு அவனும் தோற்றான்.

பள்ளி பின்தங்கியது. வடக்கத்திப் பிள்ளைகளால்தான் என்று மீட்டிங்கில் சொன்னார்கள். குப்பத்துப் பிள்ளைகளும் அதே கேள்வியில்தான் விழுந்தார்கள் என்று எழுந்து சொன்னேன். யாரோ டீ கொண்டுவரச் சொன்னார்கள்.

5. பிறகு

வெளியாட்கள் வகுப்புக்குள் வரக் கூடாது என்று சபிதாவை நிறுத்தினார்கள். பெயின்ட் அடிப்பதற்காக அட்டைகளைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. என்னை ஆபீஸில் டேட்டா என்ட்ரி பார்க்கப் போட்டார்கள். வசந்தி மட்டும் போன் செய்வார். "அந்தப் பசங்களப் பழையபடி பின்னால உக்கார வெச்சுட்டேன் மேடம். வேற வழி தெரியல" என்று ஒருநாள் சொன்னார்.

ஜூனில் எண்ணூர் ரயில் நிலையத்தருகே மமதாவைப் பார்த்தேன். இடுப்பில் தம்பி.

"ஸ்கூலுக்குப் போலையா?"

"மூணாங்கிளாஸ்லயே திரும்ப உக்கார சொன்னாங்கோ. அம்மா சண்ட போட்டுச்சு. எடம் இல்லன்ட்டாங்கோ. தம்பியப் பாத்துகினு கீறேன், டீச்சர்."

அலைந்து திரிந்து வேறொரு பள்ளியில் அவளைச் சேர்த்தேன். மழைக்காலம் வருவதற்குள் அவள் அப்பாவுக்கு யார்டில் வேலை போனது. குடும்பம் எங்கே போனது என்று பக்கத்துக் கொட்டகையில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு சோதனையில் நான் கேட்டில் இல்லை. வசந்தியின் பள்ளி முதலிடம் வந்தது. ஹெச்.எம். ஷீல்டுடன் நிற்கும் படம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. எல்லோரும் கை தட்டும் பொம்மை போட்டார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வாசிப்பு உயர்ந்துவிட்டது என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் உடனே பாராட்டிவிடாதீர்கள். சோதனை அன்று எந்தக் குழந்தைகளுக்கு லீவு விட்டார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல மாட்டார்கள். அந்தக் குழந்தைகளின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.