நான் எடுத்துவிட்ட கேள்வி

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு கணினி ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டால் கோபம் தலைக்கேறிவிடும். "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று அது கேட்கும்போதெல்லாம், பின்னே எதற்கு அழுத்தினேன் என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே திட்டுவேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில், விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஐடி ஆளாக வேலை பார்த்த காலத்தில் இந்தக் குணம் என்னைக் கிட்டத்தட்ட ஊருக்கு விமானம் ஏற்றிவிடப் பார்த்தது.

என் வொர்க் விசா அந்த நிறுவனத்தோடு ஒட்டியிருந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கான ரெசிடென்ஸுக்கு விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை போனால் விசா போகும், எப்சமில் வாடகை வீடும் மகளின் பள்ளிக்கூடமும் போகும். காலையில் பல் துலக்கும்போதுகூட இது மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

கிடங்கின் மாடியில் என் அறை. அங்கே இருந்த ஒரு பெரிய சர்வருக்குள் ஏழு மெய்நிகர் சர்வர்களை ஓடவிட்டிருந்தேன். வீடு ஒன்று, குடித்தனம் ஏழு. ஏழாவதை அப்போதுதான் புதிதாக அமைத்திருந்தேன். அது இருக்கும் நெட்வொர்க்கில் ஒரு கணினியை மாட்டி ஆன் செய்தால் போதும், பழையதைத் துடைத்துவிட்டு விண்டோஸையும் மற்ற மென்பொருள்களையும் தானாகவே ஏற்றிவிடும். முன்பெல்லாம் சிடியும் கையுமாக ஒவ்வொரு மேசையிலும் அரை நாள் உட்கார்ந்து செய்த வேலை. துடைப்பதற்கு முன் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியை நான் எடுத்துவிட்டேன்.

ஆபத்து இல்லாமலிருக்க அதைத் தனியாக ஒரு சோதனை நெட்வொர்க்கில்தான் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கீழே பெட்டி கட்டும் பாக்கிங் தளத்தில் ஓர் உதிரிக் கணினியில் முயன்று பார்ப்பதற்காகத் தளத்து நெட்வொர்க்குக்கு மாற்றினேன். மெனுவில் ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயர், அவ்வளவுதான். அழகாக வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் திருப்பி மாற்றாமலேயே மகளை அழைத்துவர ஓடிவிட்டேன். தளத்தில் இருந்த பன்னிரண்டு கணினிகளும் ஆன் ஆனதும் தன் விண்டோஸைத் தொடங்குமுன் நெட்வொர்க்கில் ஏற்ற ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று முந்தைய வாரமே அமைத்து வைத்தவனும் நான்தான்.

தளத்தில் லேபிள் அச்சடிக்கும் மேசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஏஜென்சி மூலம் வந்தவர். அவரைப் பிடிக்கவில்லையென்றால், நாளை வர வேண்டாம் என்று ஒரு டெக்ஸ்ட் போதும். திரையில் எது வந்தாலும் எனக்குப் போன் அடிப்பார். "தம்பி, ஓம் எண்டு அமத்தட்டோ?" என்பார். "எதையாவது கெடுத்து வைக்காதீங்கக்கா" என்பது என் வழக்கமான பதில். கணினியை அணைக்காமல் வீட்டுக்குப் போகிறார் என்றும் திட்டுவேன். அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் முறையாக என் சொல் கேட்டு அணைத்துவிட்டுப் போயிருந்தார்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"தம்பி, இது என்னட்டை ஒண்டும் கேக்காமல் தன்ர பாட்டுக்கு ஓடுது."

மாடிக் கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். தளம் முழுக்க ஒரே திரை, ஒரே பச்சைக் கோடு. சர்வருக்குள் புகுந்து அந்த ஏழாவதை நிறுத்துவதற்குள் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். நிறுத்தினேன். ஆனால் பதினொரு கணினிகள் அதற்குள் துடைத்த பலகையாகியிருந்தன.

பத்து மணிக்கு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு லாரி. லேபிள் இல்லாத பெட்டியை அவர்கள் இறக்கவே விடமாட்டார்கள். எல்லா வாடிக்கையாளரின் லேபிள் வடிவமும் ஒரே இடத்தில், அக்காவின் கணினியில் இருந்தது. அதை சர்வரில் சேமித்து வைக்கும் வேலையை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். படிகளை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

அக்கா தன் கணினியின் பவர் வயரைக் கையில் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் மேனேஜர், கழுத்துவரை சிவந்த ஒரு வெள்ளைக்காரர். யார் இதைப் பிடுங்கியது, இதனால்தான் மற்றவையும் போயினவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினார். தான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். பிறகு என்னிடம் தமிழில், "நான் ஏதும் பழுதாக்கிப்போட்டனோ தம்பி?" என்றார்.

மேனேஜரும் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் பெட்டிகளும், பள்ளிச் சீருடையில் மகளும் கண்முன் வந்தார்கள். ஒன்றும் பேசாமல் இருந்தாலே போதும், பழி தானாக அவர் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கணக்கை நான் போட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து, ஹாரன் அடித்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அக்கா அந்த வயரை மேனேஜரிடம் நீட்டி இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. இவர் காரணமில்லை, என் தவறு, என்று மேனேஜரிடம் சொல்லி நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் உடனே கத்தவில்லை. லேபிள் திரும்ப வருமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

கணினி ஆன் ஆன பிறகு அழிக்கும் வேலை தொடங்க இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் அக்கா பிடுங்கியிருந்தால் தப்பித்தோம். நெட்வொர்க் வயரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பவரை மாட்டினேன். கறுப்புத் திரை. கறுப்பாகவே இருந்தது. மேனேஜரின் மூச்சு என் கழுத்தில் பட்டது. பிறகு விண்டோஸ் வந்தது, அக்காவின் பெயர் வந்தது, லேபிள்கள் அத்தனையும் இருந்தன.

அந்த ஒரு மேசையிலிருந்தே அச்சடித்து பத்து மணி லாரியை அனுப்பினோம். மற்ற பதினொன்றையும் அதே ஏழாவது சர்வரே முக்கால் மணி நேரத்தில் புதிதாக ஏற்றி முடித்தது. அந்தத் தளத்தில் யாருமே அதைப் பாராட்டும் மனநிலையில் இல்லை.

மதியம் மேனேஜர் அறையில் எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார். வேலை தப்பியது. அந்த வருடமே ரெசிடென்ஸும் வந்தது. கேள்வியை அன்றைக்கே திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அன்று வேலை முடியும் நேரத்தில் அக்காவின் மேசைக்குப் போனேன்.

"அப்ப நான் ஒண்டும் பழுதாக்கேல்லையோ?"

"இல்லக்கா. நீங்கதான் காப்பாத்தினீங்க. எல்லாம் என் தப்பு."

"அது உங்களுக்கு மேல இருந்து இறங்கி வரேக்கையே தெரியுமோ?"

"தெரியும்."

அவர் மீதமிருந்த லேபிள் சுருளை எடுத்து டிராயருக்குள் வைத்தார். கணினியை அணைத்தார்.

"அந்தாள் கேட்டுக்கொண்டு நிக்கேக்கை நான் உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், தம்பி," என்றார்.