குவித்து அளந்த மயில்துத்தம்

எனக்கு வேதியியல் நடத்தியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் காலமாகி வெகுநாளாயிற்று. ஆனாலும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

சேலத்துக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்த புதிது. கொல்லிமலையிலிருந்து வந்தவன் அந்த வகுப்பில் நான் ஒருவன்தான். முதல் நாள் ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு கண்ணாடிக் குழலைக் கொடுத்து, ஐம்பது என்று போட்ட கோடு வரை தண்ணீர் எடுக்கச் சொன்னார். நான் கோட்டுக்கு மேலே அரை விரற்கடை சேர்த்து ஊற்றினேன். ஏன் என்று கேட்டார். குறைந்து போய்விடக் கூடாதே என்று சேர்த்து விட்டேன் சார் என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. மலையிலே தண்ணீரையும் குவித்துத்தான் அளப்பீர்களோ என்று கேட்டுவிட்டு, அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்தது தராசு. முள் நடுவில் வந்து நின்ற பிறகும் நான் ஒரு சிட்டிகை உப்பைக் கூடப் போட்டேன். அதற்கும் சிரிப்பு. கணக்குப் போட்டு விடை நாலு என்று எழுதினால், "நாலு என்ன? நாலு கிராமா, நாலு பலாப்பழமா?" என்பார். அலகு எழுத மறந்தது என் தப்புதான். ஆனால் இரண்டு வருஷம் நான் எந்தக் கேள்விக்கு எழுந்து நின்றாலும் பின் பெஞ்சிலிருந்து "எத்தனை பலாப்பழம்?" என்று ஒரு குரல் வரும். அதை அவர் ஒரு நாளும் அடக்கவில்லை.

எங்கள் மலையில் அளவு என்றால் என்ன என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தேவனூர் நாட்டில் சாமையோ தினையோ, வள்ளத்தில் அளந்தால் விளிம்புக்கு மேலே கூம்பு நிற்க வேண்டும். சரிந்து விழுகிற வரை குவித்தால்தான் அது ஒரு வள்ளம். கோலையோ கையையோ விளிம்பில் ஓட்டித் தலைதட்டினால், உனக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பொருள். இப்படி வளர்ந்த கை, கண்ணாடிக் குழலின் கோட்டுக்கு நேராக எப்படி நிற்கும்?

மார்ச் பரீட்சையில் வேதியியலில் மட்டும் தோற்றேன். செப்டம்பரில் மறுபடி எழுதலாம். புத்தகங்களோடு மலையேறினேன்.

ஊரில் என்னை முதலில் கிழித்தது என் தாய்மாமன். கல்லூரியில் சேர்ந்த அன்று என் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு சேந்தமங்கலம் வரை இறங்கி வந்த அதே மாமன். கோயில் முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது, "ரெண்டு வருசம் கீழ போயித் தின்னுப்போட்டு, பெயிலாயி வந்து நிக்கறான் பாருங்க, கலெக்டரு!" என்றார். அன்றிலிருந்து அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவருக்கும் அப்போது நேரம் சரியில்லை. வெள்ளைக்காரன் எஸ்டேட்டில் பல வருஷம் கூலிக்கு நின்றவர், இனி எவன் தோட்டத்திலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, எங்கள் நிலத்தை ஒட்டிய சரிவில் காப்பிச் செடி வைத்திருந்தார். அது முதல் காய்ப்பு. காய் பிடித்த நேரத்தில் இலையின் அடியில் மஞ்சள் துருநோய் விழுந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கெஞ்சி, மருந்து கலக்க ஒரு மூட்டை மயில்துத்தமும், ஒரு கைப்பம்பும், இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதமும் வாங்கி வந்தார். காகிதத்தைப் படிக்க ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

கோபத்தை விழுங்கிக்கொண்டு வந்தார். நான் படித்தேன். ஒரு ராத்தல் துத்தம், புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு ஒரு ராத்தல், பத்து கேலன் தண்ணீர்.

"ராத்தலுங்கறது நம்ம வள்ளத்துல எவ்வளவு சாமி?"

இதற்குத்தான் காத்திருந்தேன். "எடை வேற, கொள்ளளவு வேற. ஒரு வள்ளம் பஞ்சும் ஒரு வள்ளம் கல்லும் ஒண்ணுங்களா மாமா? இது தெரியாமயா காப்பி வெச்சீங்க? ராத்தல்னு சொன்னா வள்ளங்கறீங்க. இன்னும் கொஞ்சம் போனா எத்தனை பலாப்பழம்னு கேப்பீங்க."

அந்தப் பலாப்பழம் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நிறுத்திக்கொள்ளவில்லை.

மாமன் முகம் கறுத்தது. "இதையே படிச்சுத்தான நீயும் பெயிலான? போடா. எங்களுக்கு அளக்கத் தெரியும்."

காகிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கிப் பார்க்கவும். கத்தி சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும், மேலும் சுண்ணாம்பு சேர்க்கவும். அந்த வரியைப் படிக்காமல் காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

நான் செய்திருக்கக்கூடியது கால் மணி நேர வேலை. ஒரு கேலன் தண்ணீர் பத்து ராத்தல் எடை. முதல் பாடத்திலேயே இருக்கிறது. ஆக, துத்தமும் சுண்ணாம்பும் சம எடை, தண்ணீர் அதில் நூறு மடங்கு. ஒரு மூங்கில் கழி, இரண்டு சுரைக்குடுக்கை, ஒரு பக்கம் தண்ணீர். தராசு தயார். நிழலில் உட்கார்ந்து இதே கணக்கைத்தான் நோட்டில் அன்றாடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கல்வேலிக்கு அந்தப்புறம் எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. மாமன் துத்தத்தை வள்ளத்தில் குவித்து அளந்தார். நிலத்துக்குக் கொடுப்பதை எவனாவது தலைதட்டுவானா? நீலக் கட்டிகள் கூம்பாக நின்று சரிந்தன. சுண்ணாம்பும் அதே வள்ளத்தால்தான். அது வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சியது; மாதக்கணக்கில் காற்றுப்பட்டுச் செத்த, பொருபொருவென்ற லேசான தூள். வள்ளம் நிறைந்தால் துத்தத்தின் எடையில் பாதிகூட வராது; அதிலும் உயிர் கிடையாது. மண் மொடாவில் கொட்டிக் கலக்கினார். வானத்து நீலம் வர வேண்டிய இடத்தில் பச்சையடித்துக் கிடந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அத்தை வேலியோரம் வந்தாள். மாமனின் மனைவி, என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். கையில் கத்தி. முனையிலிருந்து பாதி வரை செம்பு பூசியது போலச் சிவந்திருந்தது.

"கண்ணு, எஸ்டேட்டுல கத்திய முக்கிப் பாப்பாங்கன்னு உங்க மாமன் முக்குனாரு. இப்புடிச் செவந்து வந்துச்சு. மருந்து நல்லா ஏறிருச்சுங்கறாரு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. நீ படிச்ச புள்ள. அடிக்கலாமா, வேண்டாமா?"

எஸ்டேட்டில் முக்குவதை மாமன் தூர நின்று பார்த்திருக்கிறாரே தவிர, எதற்கு முக்குகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லியிருந்தார்கள். இரும்பு கரைந்து, துத்தத்திலிருந்த செம்பு வெளியே வந்து கத்தியில் படிகிறது. ஒரு வார்த்தை போதும். வேண்டாம்.

"பெயிலானவங்கிட்ட வந்து கேக்கலாமுங்களா அத்தை?" என்றேன்.

அவள் கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் கைப்பம்பின் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் இலையின் விளிம்பெல்லாம் கருகியது. பத்தே நாளில் செடியில் இருந்ததைவிட அதிகமான இலை தரையில் கிடந்தது. காய்கள் கறுத்து உதிர்ந்தன; இளஞ்செடிகள் வேரோடு பட்டுப்போயின. மாமன் யாரையும் திட்டவில்லை. என் ராசி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, ஆடி பிறப்பதற்குள் அதே எஸ்டேட்டில் அதே கூலிக்குப் போய் நின்றார். கைப்பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் அத்தை. ரைட்டர் அந்தக் காகிதத்தை வாங்கி, கடைசி வரி வரைக்கும் தமிழில் சொல்லியிருக்கிறார். அதை அவள் மாமனிடம் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. அவர் என் பெட்டியை மறுபடி சுமக்க வரவில்லை.

செப்டம்பர் கேள்வித்தாளில், மயில்துத்தக் கரைசலில் இரும்பை முக்கினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எழுதினேன். சமன்பாடு, எடைக் கணக்கு, அலகு, ஒன்றும் விடவில்லை. பாஸானேன்.

மேலே படிக்கத் திருச்சிக்குக் கிளம்பினேன். மலையிறங்குகிறவன் தாய்மாமன் வீட்டில் ஒரு வள்ளம் சாமை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அது எங்கள் வழக்கம். போகாமல் இருந்திருக்கலாம். அம்மா துரத்தியதால் பையை எடுத்துக்கொண்டு போனேன். மாமன் எஸ்டேட்டில் இருந்தார். அத்தை குதிரிலிருந்து சாமையை அள்ளி வள்ளத்தில் குவித்தாள். கூம்பு எழும்பிச் சரியத் தொடங்கியது. நான் பையை விரித்துப் பிடித்தேன்.

அவள் உள்ளங்கையை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மேலே இருந்ததெல்லாம் குதிருக்குள்ளேயே விழுந்தது. மிச்சத்தை என் பையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அளவு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.