குதிரை ஜெயித்ததால் அல்ல

ஜெபராணி குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை; அவளே யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசினதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பாளையங்கோட்டையில் ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். புள்ளியியல் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஞாயிறுதோறும் கோயில் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள். அவளிடம் போய், "ஊட்டியில் குதிரைமேல் பணம் கட்டுவீர்களா அக்கா?" என்று யார்தான் கேட்பார்கள்?

அப்புறம் அந்தப் போட்டோ வந்தது. 2023, மே மாதம். ஊட்டிக்குச் சுற்றுலா போன சபைக் குடும்பம் ஒன்று, ரேஸ் மைதானத்துக் கம்பி வேலியோரம் பைனாகுலரும் நோட்டுமாக நின்றவளைப் படம் பிடித்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டது. கீழே, 'நம்ம ஜெபராணி அக்காவா இது?' என்று ஒரு வரி. போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

ஊட்டியில் தங்கை ஃபெபியின் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்தபோது, சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியின் செயலர் பாக்கியசீலன் அனுப்பிய கடிதம் காத்திருந்தது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைக்கிறவர். மன்னிப்பையும் அவரே அடித்து அனுப்பியிருந்தார். 'பாவ வழியில் நடந்தேன், இனி நடக்கமாட்டேன்' என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. சனிக்கிழமை கமிட்டி கூடுவதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால், இந்த வருஷத்திலிருந்து அசன அரிசிக்கு அவள் அளவு சொல்லக்கூடாது.

அங்கேதான் அடித்தார் மனிதர். சபைப் பண்டிகையின் கடைசி நாள் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் அசனம். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு அரிசி உலையில் போடுவது என்று பதினாலு வருஷமாகச் சொல்லி வந்தவள் ஜெபராணி. அவள் சொல்ல ஆரம்பித்த பிறகு ஒரு இலையும் காத்துக் கிடந்ததில்லை, ஒரு அண்டாச் சோறும் குழிக்குப் போனதில்லை. புருஷன் போய், வேலையும் முடிந்த பிறகு, 'இது என்னால் நடக்கிறது' என்று அவள் மார்தட்டிக்கொள்ள மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மகள் ரீபா கெஞ்சினாள். "ஒரு கையெழுத்துதானம்மா. போட்டுட்டு சவத்த விடுங்க."

"எதுக்குட்டி போடணும்? நான் நடந்த வழிக்கு என்கிட்ட நோட்டு இருக்கு. அவரு நடந்த வழிக்கு இருக்கான்னு கேளு."

"அசன அரிசி போயிருமேம்மா."

ஜெபராணி அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால் அம்பாசமுத்திரத்து வயல்காரர்களைக் கேட்க வேண்டும். கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகத்துக்கும் அறுப்புக்கு முன்னால் விளைச்சலை மதிப்பிட வந்தவள் அவள்தான். வயலின் மூலையிலிருந்து இத்தனை எட்டு நேரே, இத்தனை எட்டு பக்கவாட்டில் என்று எண் அட்டவணை ஒன்று இருக்கும். அது காட்டுகிற இடத்தில் முளையடித்து, அஞ்சு மீட்டர் நீளம் அஞ்சு மீட்டர் அகலம் அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். ஒருமுறை இன்சூரன்ஸ் பணத்துக்காக அம்பலவாணன் என்கிற பெரிய பண்ணைக்காரர் அவளைப் பதர் பிடித்த மூலைக்கு இழுத்தார். "அங்கன என்னத்துக்கு மேடம் நடக்கீய, இங்கன அறுங்க." இளநீர் வெட்டினார், பிறகு மேலதிகாரி பேரைச் சொல்லி மிரட்டினார். ஜெபராணி இளநீரைக் குடித்தாள், காசைக் கொடுத்தாள், எண் காட்டின இடத்தில் சேற்றில் இறங்கினாள். "கண்ணுக்குப் புடிச்ச எடத்துல அறுத்தா அது கணக்கு இல்ல அண்ணாச்சி, ஆசை" என்றாள். இரண்டே மாதத்தில் அவளை நாங்குநேரிக்குத் தூக்கியடித்தார்கள். அவள் அங்கேயும் எண்ணைப் பார்த்துத்தான் நடந்தாள்.

ஓய்வு பெற்ற வருஷம் கோடைக்கு ஃபெபி வீட்டுக்குப் போனவள், வேடிக்கை பார்க்க ரேஸ் மைதானத்துக்குள் நுழைந்தாள். ஜனம் கத்துகிற கத்தலைப் பார்த்துத் திகைத்தாள். குதிரையின் நிறத்துக்காகக் கட்டுகிறான் ஒருவன், மனைவி பிறந்த தேதிக்காகக் கட்டுகிறான் இன்னொருவன். எல்லாரும் 'எது ஜெயிக்கும்?' என்றுதான் கேட்டார்கள். 'இந்த விலைக்கு இது தகுமா?' என்று ஒரு பயல் கேட்கவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கத் தெரிந்த எவளுக்கும் இது தெரியும். காய் நல்லதா சொத்தையா என்பது ஒரு கேள்வி, கிலோ இருபதா அறுபதா என்பது வேறு கேள்வி. நல்ல காய்தான், ஆனால் அறுபது ரூபாய்க்கு இல்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம் அல்லவா?

அன்றே ஒரு நோட்டு வாங்கினாள். ஒவ்வொரு குதிரையும் எந்தத் தூரத்தில், எவ்வளவு எடை சுமந்து, ஈரத் தரையிலா காய்ந்த தரையிலா, எத்தனையாவதாக வந்தது என்று எழுதினாள். பத்துமுறை இப்படி ஓடினால் இது எத்தனைமுறை ஜெயிக்கும் என்று தானாக ஒரு கணக்குப் போடுவாள். அதற்கு முன், பந்தயப் பணம் வாங்குகிற புக்கிகளின் விலைப் பலகையை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். பிறகு பார்ப்பாள். பலகை அவள் கணக்கைவிடத் தாராளமாகக் கொடுத்தால் நூறு ரூபாய், அதற்கு மேல் இல்லை. கஞ்சமாகக் கொடுத்தால் தொடமாட்டாள். வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய் ஒரு பிஸ்கட் டப்பாவில். ஜெயித்த பணம் அந்த டப்பாவுக்குத் திரும்பாது. டப்பா காலியானால் அந்த வருஷம் முடிந்தது. போனில் கட்டுவது என்கிற பேச்சே கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடியது. நடுவில் ஐயர் என்று எல்லாரும் கூப்பிடுகிற சபைப் போதகர், பக்கத்தில் பாக்கியசீலன், எதிரே வங்கியில் வேலை பார்க்கிற ஜெனோ, இன்னும் நாலு பேர். ஜெபராணி வந்து மேஜையில் அஞ்சு நோட்டுகளை வைத்தாள்.

"ஏம்மா ஜெபராணி, கையெழுத்துப் போட பேனா தரவா?" என்றார் பாக்கியசீலன்.

"பேனா இருக்கு சார். முதல்ல நோட்ட படிங்க. ஜெயிச்சது, தோத்தது, கட்டாம விட்டது எல்லாம் இருக்கு. கொரோனா வருஷம் போக அஞ்சு வருஷத்துக்கும் சேத்து மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். ஊட்டி பஸ்ஸுக்குக் காணாது."

அவர் நோட்டைத் தொடவில்லை. இரண்டு வசனம் சொன்னார். சூதில் அழிந்த குடும்பங்களை அடுக்கினார். அதெல்லாம் நிஜம்தான், ஜெபராணியும் மறுக்கவில்லை. அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கண் மின்னியது.

"கணக்கு கணக்குங்கியே. இன்னைக்கும் ஊட்டியில ரேஸ் ஓடுதுல்லா? ஏ ஜெனோ, போன எடு. அடுத்த ரேஸ்ல எது ஜெயிக்கும்னு சொல்லும்மா. நீ சொன்னது ஜெயிச்சா, இது அறிவுன்னு ஒத்துக்கிட்டு இந்தக் கடிதாசிய கிழிச்சுப் போடுதேன். தோத்தா கையெழுத்துப் போட்டுட்டு அசன அரிசிய மறந்திரு. என்ன?"

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஐயர்கூடத்தான்.

ஜெபராணி அஞ்சாவது நோட்டைப் பிரித்தாள். அன்றைக்கு ஓடுகிற குதிரைகளின் கணக்கைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தாள், கட்டுவதற்கில்லை, பழக்கம். "மூணாம் நம்பர்தான் இருக்கதுலயே கெட்டி. பத்து தடவை ஓடினா நாலு தடவை ஜெயிக்கும்."

"அப்ப மூணாம் நம்பர். சரிதானே?"

"சரியில்ல சார். நாலு தடவை ஜெயிக்கும்னா ஆறு தடவை தோக்கும். தோத்தா என் பதினாலு வருஷ அரிசி போவுது. ஜெயிச்சா நீங்க என்ன தாறீய? ஏற்கெனவே என்கிட்ட இருக்கதையே திருப்பித் தாறீய! இந்த விலைக்கு நான் நூறு ரூவா கட்டமாட்டேன், என் மானத்தயா கட்டுவேன்? இந்த மேஜையில இப்ப சூதாடுதது யாரு? நான் இல்ல, நீங்கதான்."

பாக்கியசீலனின் முகம் சிவந்தது. அதற்குள் ஜெனோவின் போனில் குதிரைகள் கிளம்பிவிட்டன. அப்புறம் கமிட்டியாவது ஒன்றாவது! எட்டுத் தலையும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. மூணாம் நம்பர் பின்னால் கிடந்தது. வளைவில் வெளிப்பக்கமாக வந்தது. "வருது வே, வருது!" என்று மேஜையைக் குத்தினார் பாக்கியசீலன். அரைக் குதிரை நீளத்தில் மூணாம் நம்பர் ஜெயித்தது.

"ஏ யம்மா! சொன்னபடி ஜெயிச்சிட்டே!" அவர் நல்ல மனுஷர்தான், சொன்ன சொல் மாறாதவர். கடிதத்தை எடுத்துச் சரசரவென்று கிழித்தார். "அசன அரிசி உனக்குத்தான். சந்தோஷமா?"

ரீபா அங்கே இருந்திருந்தால் அம்மாவின் காலைப் பிடித்திருப்பாள், வாயைத் திறக்காதே என்று. ஜெபராணி திறந்தாள்.

"இல்ல சார். இது எனக்கு வேண்டாம்."

"என்னம்மா சொல்லுதே? நீதான் ஜெயிச்சிட்டியே!"

"நான் கட்டவே இல்லையே, எப்படி ஜெயிச்சேன்? குதிரை ஜெயிச்சுது. அது தோத்திருந்தா நான் பாவியா? ஒரு மிருகம் அரை நீளம் முன்ன வந்ததால என்னைய நல்லவங்கியளே, அதத்தான் நான் சூதுங்கேன். ஒரு வயல்ல அறுத்துட்டு ஜில்லா விளைச்சல சொல்லமுடியுமா? அஞ்சு வருஷ நோட்டு இங்கன கெடக்கு. படிச்சுட்டுச் சொல்லுங்க. படிச்சபொறகும் தப்புன்னா சொல்லுங்க, அரிசிய விட்டுட்டுப் போறேன். குதிரையால வந்த மன்னிப்பு எனக்கு ஆகாது."

ஐயர் மூணாவது நோட்டை இழுத்துப் பைய பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்று சத்தமாக வாசித்தார். "மே பத்து. டப்பா காலி. இந்த வருஷம் முடிந்தது." அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குக் குதிரைகளின் கணக்கு மட்டும் இருந்தது, கட்டிய தொகைக்கான கட்டம் எல்லாப் பக்கத்திலும் வெறுமையாகக் கிடந்தது.

"காசு முடிஞ்சபொறகும் மைதானத்துக்குப் போயிருக்கீங்களே, எதுக்கு?"

"குதிரைய பாக்கத்தான் ஐயா. என் டப்பா காலியானா அது ஓடாதா?"

ஐயர் சிரிக்கவில்லை. மிச்ச நாலு நோட்டுகளையும் வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. கடைசி நோட்டை மூடிவிட்டு, "எனக்குப் பந்தயம் புடிக்காதும்மா. இனியும் புடிக்காது" என்றார். "ஆனா இதுல ஒளிவுமறைவு இல்ல. சார், நடவடிக்கைக் குறிப்பு எழுதுங்க."

பாக்கியசீலன் எழுதினார். ஜெபராணி எட்டிப் பார்த்தாள். 'குதிரை ஜெயித்ததால்' என்று ஆரம்பித்திருந்தார்.

"அத அடிங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அடித்தார். 'நோட்டுகள் படித்துப் பார்க்கப்பட்டதால்' என்று எழுதினார். அவள் உட்கார்ந்தாள்.

"அப்ப அசனம்" என்று தொண்டையைச் செருமினார். "ஜூன் ரெண்டாவது சனிக்கிழமை. எவ்வளவு அரிசி?"

"எழுநூத்தி இருபது கிலோ. சாரல் புடிச்சா கூட்டம் கொறையும், அறுநூத்தம்பது போதும். முதல்ல அறுநூத்தம்பத உலையில போடுங்க, மிச்சத்தக் கழுவாம வைங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். சாரல் வருமா வராதா, அதச் சொல்லும்மா."

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் ஜெபராணி. "பத்துக்கு மூணு. எழுதிக்கிடுங்க."